யானைக்கொட்டிலில் விமானப் பாடம்

வெள்ளாற்றூரை ஆண்ட கோதண்டவர்மருக்கு ஓர் ஆசை வந்துவிட்டால் லேசில் அடங்காது. யானை ஏறி அலுத்தார், குதிரை ஏறி அலுத்தார். கடைசியில் கடல் கடந்து வந்த வணிகர்களிடம் ஒரு விமானத்தையே வாங்கிவிட்டார். முன்னால் ஓட்டுபவர், பின்னால் மகாராஜா. இரண்டே இருக்கை. ஓட்டத்தான் ஊரில் ஆள் இல்லை.

விமானிகளை உருவாக்கும் வேலை அரசவையின் குறும்புக்காரர் திருமேனியின் தலையில் விழுந்தது. அவர் ஒரு காலத்தில் அயல்நாட்டில் விமானம் ஓட்டியவர். கண் கொஞ்சம் மங்கியதால் இறங்கிவிட்டார். நாக்கு மங்கவில்லை.

துடியான இளைஞர்களாகப் பொறுக்கியெடுத்து, காலியாகக் கிடந்த யானைக்கொட்டிலில் பாடம் தொடங்கினார். காற்று எந்தப் பக்கம், மேகம் என்ன நிறம், எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு எண்ணெய், இதெல்லாம்தான் பாடம். ஆளுக்கொரு மோர் மத்தைக் கொடுத்து, அதையே விமானத்தின் பிடியாக நினைத்துக்கொண்டு சாய்க்கச் சொன்னார். மூன்று மாதம் முடியும்வரை நிஜ விமானத்தில் ஒருவனும் கைவைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அமைச்சர் அனந்தபத்மனுக்கு இது பொறுக்கவில்லை. தன் மனைவியின் தம்பி மாகாளியை விமானி ஆக்கிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. மாகாளியோ முதல் நாள் பாடத்திலேயே தூங்கி, இரண்டாம் நாள் வராமலே போனவன். ஒருநாள் சபையில் அமைச்சர் மகாராஜாவின் காதைக் கடித்தார்.

"மகாராஜா, அந்தப் பிள்ளைகள் எத்தனை நாளாக மத்தை ஆட்டுகிறார்கள்! இதுவரை மோர்கூட வரவில்லை. என் மைத்துனனைப் பாருங்கள். ஒரு பாடமும் படிக்காமல் விமானத்தை மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறான். சற்று மேலே தூக்கினால் பறந்துவிடும், அவ்வளவுதான்."

மகாராஜாவுக்கு ஆவல் பொத்துக்கொண்டு வந்தது. "அப்படியானால் நாளை என் பிறந்தநாளுக்கு மாகாளியே என்னைப் பறக்க வைக்கட்டும். பறந்து இறங்கியதும் முதல் வேலை, அந்தக் கொட்டிலை இழுத்து மூடுவதுதான். கேட்டீரா திருமேனி?"

திருமேனி மனசுக்குள் கணக்குப் போட்டார். கொட்டில் போனால் போகட்டும். மகாராஜாவே போய்விடுவாரே! குறுக்கே பேசினால் பொறாமை என்பார்கள். அதனால் முகமெல்லாம் சிரிப்பாகக் கும்பிட்டார்.

"உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். முதல்முறை மேலே போகிறவனுக்குப் பின்னால், 'இவன் தேறிவிட்டான்' என்று கைகாட்டியவர்தான் உட்காருவார். என் ஆசான் அப்படித்தான் என் பின்னால் உட்கார்ந்தார். இப்பேர்ப்பட்ட விமானியைக் கண்டுபிடித்த அமைச்சருக்கு அந்தப் பெருமை கிடைக்கட்டும். தாங்கள் அடுத்த சுற்றில் போகலாமே?"

"நியாயம்தான்!" என்றார் மகாராஜா. அமைச்சரும் பெருமையாகத் தலையாட்டினார். எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்கு உறைத்தபோது சபை கலைந்திருந்தது.

மறுநாள் ஊரே மைதானத்தில் கூடியது. மாகாளி மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். அமைச்சர் ஏணியில் ஒரு காலை வைத்தார். இன்னொரு கால் தரையை விட்டு வருவேனா என்றது.

"டேய் மாகாளி, இது என் பாரத்தைத் தாங்குமாடா?"

"தாங்கும் அத்தான். நேத்து நம்ம பூனையை வச்சு ஓட்டினேனே."

"பூனையும் நானும் ஒண்ணாடா? சரி, எண்ணெய் எவ்வளவு இருக்கு?"

"இருக்கும் அத்தான்."

"இருக்குமா, இருக்கா?"

"மேலே போனா தெரிஞ்சுடும்."

அமைச்சருக்கு அரண்மனைத் தமிழெல்லாம் பறந்துபோய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "காத்து எந்தப் பக்கம்டா அடிக்குது?"

"நமக்குப் பின்னாலதான். நல்லாத் தள்ளிவிடும், சீக்கிரம் ஏறிடலாம்!"

வரிசையாக நின்ற மாணவர்கள் மொத்தமாகத் தலையில் அடித்துக்கொண்டார்கள். "எதிர்க்காற்றில்தானே கிளம்ப வேண்டும்!" என்று ஒருவன் கத்தியே விட்டான்.

அமைச்சர் பரிதாபமாகத் திரும்பினார். "திருமேனி, அப்படியா?"

திருமேனி வெற்றிலையை நிதானமாக மடித்தார். "அதெல்லாம் கொட்டிலில் நடக்கும் வீண்பாடம், அமைச்சரே. தங்களுக்கு எதற்கு?"

"சரி, இறங்குறது எப்படின்னாவது தெரியுமாடா?" அமைச்சர் மாகாளி பக்கம் திரும்பினார்.

"ஏறினது இறங்காமலா போகும் அத்தான்? வாங்க, கெட்டியாப் பிடிச்சு உக்காருங்க!"

"அடப்பாவி! உங்க அக்காவை நினைச்சுப் பாருடா!" என்று அலறி, அமைச்சர் ஏணியிலிருந்து குதித்து நேராக மகாராஜாவின் காலடிக்கு ஓடினார். "மகாராஜா, இவன் முதலில் படிக்கட்டும்!"

"எங்கே படிப்பது?" என்றார் மகாராஜா, மீசைக்குள் சிரித்தபடி.

"கொட்டிலில்தான்..."

"மத்தைப் பிடித்தா?"

"மத்தைப் பிடித்துத்தான், மகாராஜா."

மகாராஜா திருமேனியைப் பார்த்தார். "கொட்டில் பிழைத்தது. என் உயிரும் பிழைத்தது போலிருக்கிறதே! என்ன வேண்டும், கேளும்."

"மாணவர்கள் உட்காரப் பாய் போதும், மகாராஜா. யானை நின்ற தரை, குண்டும் குழியுமாக இருக்கிறது. அப்புறம் அந்த வழக்கம். இனி ஒவ்வொரு மாணவனும் தேறிவிட்டான் என்று அமைச்சரே கைகாட்டட்டும். மூன்று மாதம் முடிய இன்னும் நான்கே நாள்தான்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் மகாராஜா.

அமைச்சர் மாணவர்களின் வரிசையை ஒருமுறை பார்த்தார். விமானத்தின் பின் இருக்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

"மகாராஜா, மூன்று மாதம் எந்த மூலைக்கு? ஆறு மாதம் பாடம் நடக்கட்டும்!"