சிவப்பு நூல் தைத்த பாய்

வெண்மணல்துறை என்ற துறைமுகப் பட்டினத்தில் எயினி என்றொரு பெண் கலங்கரை விளக்கைக் காத்துவந்தாள். கணவன் சேந்தன், எந்தக் கலம் அழைத்தாலும் சுக்கான் பிடிக்கப் போகிறவன்.

அந்த ஊருக்கு இரண்டு ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். யவனரான தேமோன் எதையும் சொல்லித்தர மாட்டார்; கேள்விமேல் கேள்வி கேட்டு மாணவர் வாயிலிருந்தே விடையை வரவழைப்பார். சீனரான லியாங் கேள்வியே கேட்க மாட்டார். பார்க்கச் சொல்வார், பார்த்ததையே மறுநாளும் பார்க்கச் சொல்வார். பள்ளிக்கென்று இருந்தது ஒரே மண்டபம். யாருடைய பாடம் ஊருக்கு உதவுகிறதோ அவருக்கே அது என்று துறைத்தலைவர் வெளியன் சொல்லிவிட்டார்.

எயினி இருவரிடமும் படித்தாள். தேமோனோடு வாதாடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. லியாங்கோ கரையில் உட்காரவைத்து, வந்துபோகும் கலங்களின் பாய்களைப் பார் என்பதோடு சரி. அலுப்புத் தட்டியது, ஆனாலும் போனாள்.

ஐப்பசியில் ஒரு மாலை, கொட்டும் மழை. காவலன் ஒருவன் மூச்சிரைக்கப் படியேறி வந்தான். கொள்ளையர் கலம் வருகிறதாம், விளக்கை உடனே அணைக்கத் தலைவர் உத்தரவாம். சேந்தன் திரும்ப வேண்டிய நேரம் அது. அவன் ஏறிப்போனது, ஒரே நாள் மட்டும் துறையில் நின்ற அயலூர்க் கலம். விளக்கு இல்லாவிட்டால் பாறையில் மோதும். வருவது கொள்ளையரென்றால் ஊரே பறிபோகும். எயினி காவலன் பக்கம் திரும்பினாள்.

"பார்த்தது யார்?"

"நான்தான் அக்கா. நம் ஊர்க் கலம் இல்லை. கொடியும் இல்லை."

"பாய் எப்படி இருந்தது?"

அவன் யோசித்தான். "கீழ்மூலையில் ஓர் ஒட்டு. சிவப்பு நூலால் தைத்தது. மின்னலில் தெரிந்தது."

எயினி திரியைத் தூண்டிவிட்டாள். "கொடியைக் காற்று கொண்டுபோயிருக்கும். அந்தப் பாயை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதில்தான் போனார்."

கலம் பத்திரமாகக் கரை சேர்ந்தது. சேந்தன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றதும்தான் அவளுக்கு உயிர் வந்தது.

மறுநாள் வெளியன் இரு ஆசிரியர்களையும் எயினியையும் அழைத்தார். லியாங், மண்டபத்தைத் தேமோனுக்குக் கொடுங்கள் என்றார். "நான் கற்பித்தது அவளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கேள்விதான் அதை எழுப்பியது."

தேமோன் மறுத்தார். "உள்ளே ஒன்றும் இல்லையென்றால் கேள்வி எதை எழுப்பியிருக்கும்? அவருக்கே கொடுங்கள்."

வெளியன் எயினியைப் பார்த்தார். படிக்கிற நீங்களும் சொல்லுங்கள்: இருவரில் யார் சொன்னது சரி? மண்டபம் யாருக்கு?

விடை: தேமோன் சொன்னதே சரி என்றாள் எயினி. கணவன் கடலில் இருக்கையில், பார்த்தது யார், கலம் எப்படி இருந்தது என்று எந்தப் பெண்ணும் கேட்பாள். அதற்கு ஆசிரியர் வேண்டாம். ஒரே நாள் நின்ற கலத்தின் ஒட்டை மனத்தில் வைக்க ஒருவர் பழக்கியிருக்க வேண்டும். மண்டபம் லியாங்குக்குப் போனது. தேமோன் அன்றைக்கே முதல் மாணவராக அங்கே போய் உட்கார்ந்தார்.