ஊருணியில் இறங்கிய பேய்

முன்னொரு காலத்தில் செம்பாறைக் கோட்டை என்ற சின்ன நாட்டை வேங்கைமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். திடீரென்று சிரிப்பார், சிரித்த வாய் மூடுமுன் தலையை வெட்டச் சொல்வார். கோட்டைக்குள் முந்நூறு வீடுகள். அத்தனைக்கும் அரண்மனைக்கும் சேர்த்துக் குடிக்க இருந்தது ஒரே ஒரு ஊருணி.

ஒரு மாசி மாதம் ஊருக்குள் வாந்திபேதி புகுந்தது. காலையில் குடம் சுமந்து போனவளை மாலையில் பாடையில் தூக்கிப் போனார்கள். ஒரே வாரத்தில் பத்தொன்பது சாவு. பறைச் சத்தம் கேட்டு ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. "இனி எவன் பறையைத் தொட்டாலும் கையை வெட்டுங்கள்!" என்றார். அன்றிலிருந்து பிணங்கள் சத்தமில்லாமல் தெருவைக் கடந்தன. பறைச் சத்தத்தைவிட அந்த அமைதிதான் ஜனங்களை அதிகம் நடுங்க வைத்தது.

ஊருணிக்குக் காவல்காரி காத்தாயி. விடிந்ததும் முதல் ஆளாகப் படியிறங்கி, நீரை முகர்ந்து, வாயில் வைத்துப் பார்த்து, மீன் ஏதும் செத்து மிதக்கிறதா என்று நோட்டம் விட்டபிறகே மற்றவர்களைக் குடம் முக்க விடுவாள். இந்தத் தடவை நீர் பளிங்காட்டம் இருந்தது. நாற்றம் இல்லை, ருசியும் மாறவில்லை. ஆனால் செத்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தவளுக்கு ஒன்று புலப்பட்டது. எல்லாமே கீழக்கரைப் படித்துறையில் தண்ணீர் எடுக்கும் வீடுகள். அவள் வீடும் அதில் ஒன்று.

மறுநாளே அவள் புருஷன் மாடசாமி கண் குழிவிழுந்து படுத்துவிட்டான். காத்தாயி நீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றி ஊட்டினாள். உப்புக் கஞ்சியை மடக்கு மடக்காகப் புகட்டினாள். அவன் பிழைத்துக்கொண்டான். அதுவே அவளுக்கு வினையாயிற்று.

அரசவையில் மருதவாணர் என்று ஒருவர். கோட்டையின் கட்டட வேலைக்கெல்லாம் தலைவர். கீழக்கரை மேட்டில் அந்த வருஷம்தான் மாளிகை கட்டிக் குடிபோயிருந்தார். ஜனங்கள் தம்மை விட்டுவிட்டு ஒரு காவல்காரியின் பேச்சைக் கேட்கிறார்களே என்று அவருக்கு வெகுநாளாக எரிச்சல்.

"மகாராஜா, ஊரெல்லாம் சாகிறது. இவள் புருஷன் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். எப்படி? ஊருணியில் பேயை இறக்கிவிட்டவளே இவள்தான்!" என்று, காத்தாயியைச் சபைக்கு இழுத்துவந்து நிறுத்திச் சொன்னார்.

ராஜாவின் முகம் வெளுத்துப் போயிற்று. "பேயா? நான் குடிக்கும் தண்ணீரிலா? யானையைக் கொண்டு வாருங்கள், இவளை மிதிக்கட்டும்!"

காத்தாயி யோசித்தாள். நீர் கெட்டதென்றால் பளிங்குபோலிருக்கிறதே என்பார்கள். மருதவாணரைக் கைகாட்டினால் அந்த நிமிஷமே யானைதான். "பேய் இருப்பது உண்மைதான், மகாராஜா. ஆனால் இறக்கிவிட்டது நான் இல்லை. அது எந்த வழியாக வருகிறதென்று உங்கள் கண்ணுக்கே காட்டுகிறேன்" என்றாள்.

"எப்படிக் காட்டுவாய்?"

"கீழக்கரையை ஒட்டி மூன்று இடங்கள். குதிரை லாயம், சத்திரம், மருதவாணர் ஐயா மாளிகை. பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்துச் சிவப்புத் தண்ணீர் தயார் செய்வேன். நாளுக்கு ஓரிடமாக, அங்கே கழிவுநீர் போகும் வழியில் ஊற்ற வேண்டும். பேய் வரும் வழியில் சிவப்பும் வரும்."

"வராவிட்டால்?"

"மூன்றாம் நாள் யானையை அனுப்புங்கள்."

முதல் நாள் லாயத்தில் ஊற்றினார்கள். நீர் தெளிவாகவே இருந்தது. அன்று நான்கு பேர் செத்தார்கள். இரண்டாம் நாள் சத்திரம். அன்றும் ஒன்றும் இல்லை. ஆறு பேர் செத்தார்கள். கரையில் நின்ற ஜனங்கள் காத்தாயியைக் கண்டால் பிள்ளைகளை இழுத்து முந்தானைக்குள் மறைத்தார்கள். சங்கிலி குலுங்க யானை வந்து கரையில் நின்றது.

மூன்றாம் நாள் காலை மருதவாணர் வாசலை மறித்தார். "என் வீட்டுக் கொல்லைக்குள் கண்டவர்களும் நுழைவதா?"

"ஏன் ஐயா, பேய் உங்கள் வீட்டு வழியாக வரவில்லையென்றால் பிறகென்ன பயம்?" என்றாள் காத்தாயி.

ராஜா அவரை உற்றுப் பார்த்தார். "வழி விடும், மருதவாணரே."

நான்கு அண்டாச் சிவப்புத் தண்ணீர் மாளிகையின் கழிவறைப் பின்புறம் இறங்கியது. எல்லோரும் கீழக்கரைப் படியில் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. நீரில் அசைவே இல்லை. பாகன் அங்குசத்தைக் கையில் எடுத்தான். காத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, ரத்தம்!" என்று ஒருத்தி அலறினாள்.

மூன்றாம் படிக் கல்லிடுக்கிலிருந்து சிவப்பு கசிந்து, நீருக்குள் மெல்லப் பரவி, நீளமாய் நெளிந்தது. ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். ராஜாவும் இரண்டடி பின்வாங்கினார்.

"பயப்படாதீர்கள், மகாராஜா. அந்தச் சிவப்பு ஒன்றும் செய்யாது, குடிக்கிற பதிமுகம்தான். அதோடு நிறமே இல்லாமல் வருகிறதே, அதுதான் பேய். இத்தனை நாளும் நாம் குடித்தது அதைத்தான்" என்றாள் காத்தாயி.

கல்லைப் பெயர்த்தார்கள். பழைய மழைவாய்க்கால் ஒன்று மாளிகை வரைக்கும் போயிற்று. பாறையில் குழி வெட்டச் சோம்பி, கழிவறையை அதில் திருப்பிவிட்டிருந்தார் மருதவாணர்.

ராஜா ஒரு செம்பு நீரை மொண்டு அவரிடம் நீட்டினார். "குடியும்!"

மருதவாணர் காலில் விழுந்தார். "வேண்டாம் மகாராஜா! தெரிந்தே செய்துவிட்டேன்!"

காத்தாயி செம்பை வாங்கித் தரையில் கொட்டினாள். "இன்னொரு சாவு வேண்டாம், மகாராஜா. பார்த்தது போதும்."

மருதவாணர் தம் கையாலேயே அந்த வாய்க்காலைத் தோண்டி அடைத்தார், ஊரே பார்க்க. மாளிகையை இடித்தார்கள். ஊருணியை இறைத்துத் தூர்வாரும்வரை மலைச்சுனையிலிருந்து நீர் வந்தது. அதையும் கொதிக்கவைத்தே குடித்தார்கள். பேதி அடங்கியது. காத்தாயிக்கு அரசவையில் ஆசனம் கிடைத்தது. அவள் சொல்லாமல் ராஜாகூட ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூடாதென்று சட்டமும் வந்தது.

ஆனால் ராஜாவுக்குப் பயம் தெளியவே இல்லை. புதுநீர் நிறைந்த பிறகும் தினம் காலையில் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்: "காத்தாயி, இன்று குடிக்கலாமா?"

"குடிக்கலாம், மகாராஜா."

"நாளைக்கு?"

"அதை நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."