பீரோவுக்குப் பின்னால் ஒரு விரிசல்

புருஷன் இறந்த பிறகு பியூலாவும் கைக்குழந்தையும் மட்டுமே இருந்த அந்த வீட்டு வாசலில், 'விற்பனைக்கு' என்ற பலகை எட்டு மாதமாகத் தொங்கியது. நல்ல விலைக்கு விற்றால்தான் திருச்சியில் அக்கா பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கிக் குடியேறலாம். அதுவரை ராத்திரி கேட் சத்தம் கேட்டாலே எழுந்துபோய்ப் பின்கதவைப் பார்த்துவிட்டு வருவாள்.

புரோக்கர் தவசிமுத்து கூட்டிவந்த ஒவ்வொருவரும் முந்தின ஆளைவிடக் குறைவாகவே கேட்டார்கள்.

"மார்க்கெட் படுத்துக்கிடக்கும்மா. நாளைக்கு ஒரு பெரிய மனுஷர் வாராரு. கேட்ட விலைக்குக் குடுத்திரு. இல்லேன்னா ஒருத்தனும் வரமாட்டான்."

"சரி அண்ணாச்சி. ஒண்ணு மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீங்க. உள்ரூம் பீரோவுக்குப் பின்னால பெரிய விரிசல் இருக்கு."

மறுநாள் பட்டுவேட்டிக்காரர் ஒருவர் வந்தார். "இந்த ஊரையே இன்னைக்குத்தான் பாக்கேன். இந்த புரோக்கரையும் இப்ப வாசல்லதான் பாத்தேன்" என்றார். வேறு எதையும் பார்க்காமல் நேரே உள்ரூமுக்குப் போனார்.

"பீரோவை நகர்த்து. பின்னால விரிசல் இருக்கும். பாதி விலைதான் தருவேன்."

"என்னால முடியாதே, ஐயா."

அவரும் தவசிமுத்துவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சுவாங்கத் தள்ளினார்கள். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

"இல்லாத விரிசலை அண்ணாச்சிகிட்ட மட்டும்தானே சொன்னேன்?" என்றாள் பியூலா. "ஐயாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தவசிமுத்து செருப்பைத் தேடினார்.

"இருங்க அண்ணாச்சி. பீரோவை அப்படியே பின்கதவோட சேத்து வச்சிட்டுப் போங்க. தாழ்ப்பாள் சரியில்ல. இத்தனை நாளாத் தள்ள ஆளில்ல. நெசமா வாங்குறவங்க வர்ற வரைக்கும் நான் இங்க தனியாத்தானே இருக்கணும்."