ஒரே பக்கம் பார்த்த மயில்கள்

ஆரி ஊசியால் பூவேலை கற்றுத்தரும் நிலோஃபருக்கு இருபத்தொன்பது வயது. கற்றுக்கொள்ள வந்த மரகதவல்லிக்கு நாற்பத்தாறு. சின்னவள் 'அக்கா' என்பாள். பெரியவள் 'டீச்சர்' என்பாள்.

கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கைத் துணி ஒன்று வந்தது. இரண்டு கைகளிலும் மயில் வேண்டும். வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.

நிலோஃபர் மயில் வரைந்த காகிதத்தில் துளையிட்டு, அதன்மேல் வெண்பொடி தேய்த்து, இரண்டு கைத்துணிகளிலும் மயிலை அச்செடுத்து, தனித்தனிச் சட்டங்களில் கட்டினாள். வலக்கையைத் தான் எடுத்துக்கொண்டாள். இடக்கையை மரகதவல்லியிடம் கொடுத்தாள். கல்யாண வேலையை அவள் தொடுவது அதுதான் முதல் முறை.

"கை நடுங்குது டீச்சர்."

"துணிக்குத் தெரியாம நடுங்கட்டும்."

எதிரெதிரே உட்கார்ந்து நான்கு நாள் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை வேலை முடிந்தது. சட்டத்திலிருந்து அவிழ்த்து, இரண்டு கைகளையும் அருகருகே வைத்தாள் நிலோஃபர்.

இரண்டு மயில்களும் ஒரே பக்கம் பார்த்தன.

துளையிட்ட காகிதத்தை இடக்கைக்குத் திருப்பிப் போட வேண்டும். நிலோஃபர் திருப்பாமலே அச்செடுத்திருந்தாள்.

"போட்டுக்கிட்டு மணையில உக்காந்தா, ஒரு மயில் முன்னாடி ஐயரைப் பாக்கும். இன்னொண்ணு பின்னாடி நாத்தனாரை முறைக்கும்" என்றாள் நிலோஃபர்.

மரகதவல்லி சிரிக்கவில்லை. நிலோஃபர் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"மொதல் நாள். அலகு போடும்போதே."

"ஏன் சொல்லல?"

"வரைஞ்சது நீங்க. கத்துக்க வந்தவ நான் எப்படிக் குறை சொல்றது? அப்புறம், வேலையைத் திருப்பி வாங்கிடுவீங்களோன்னு ஒரு பயம்."

நிலோஃபர் போனை எடுத்தாள். ரவிக்கையைத் தைக்கப்போகும் தையல்காரரிடம் வியாழன் காலைவரை நேரம் கேட்டாள். முணுமுணுத்துவிட்டு அவர் ஒப்புக்கொண்டார்.

பிறகு இடக்கைத் துணியைக் கவிழ்த்து, கடைசி முடிச்சை ஊசியால் தளர்த்தி, நூல் முனையை மரகதவல்லியிடம் நீட்டினாள்.

"இழுங்க."

சங்கிலித் தையல். முடிச்சு விட்டதும் கண்ணிக்குக் கண்ணி கழன்று வந்தது. தோகை போனது. கழுத்து போனது. நான்கு நாள் வேலை கால் மணி நேரத்தில் மடியில் சுருண்டு கிடந்தது. மரகதவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பட்டில் தெரிந்த ஊசித் துளைகளை நிலோஃபர் நகத்தால் நீவி அடக்கினாள். துணியை மறுபடி சட்டத்தில் கட்டினாள். காகிதத்தைத் திருப்பி வைத்தாள். வெண்பொடி தோய்த்த துணிப்பந்தைக் கையில் எடுத்தாள். தேய்க்கவில்லை.

"பாருங்க அக்கா."

மரகதவல்லி பார்த்தாள். துணியைப் பார்த்தாள், டீச்சர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி துணியைப் பார்த்தாள்.

"ஒரு விரல் மேல ஏத்தணும் டீச்சர். இல்லன்னா மயிலோட கால் மடிப்புக்குள்ள போயிடும்."

நிலோஃபர் காகிதத்தை ஒரு விரல் ஏற்றிவிட்டுத் தேய்த்தாள். மயில் துணியில் பதிந்தது. ஒரே சட்டத்தின் முன் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி அலகிலிருந்து, ஒருத்தி தோகையிலிருந்து.

வெகுநேரம் கழித்து மரகதவல்லி கேட்டாள்.

"டீச்சர், உங்க வேலையில நான் இப்படித் தப்புச் சொன்னா, உங்களை மதிக்காத மாதிரி ஆகாதா?"

நிலோஃபர் ஊசியை நிறுத்தவில்லை.

"நாலு நாள் எதிர்லயே உக்காந்து என்னை என் தப்போட தனியா விட்டுட்டீங்களே அக்கா, அதுக்கு என்ன பேரு?"