வெள்ளம் கொண்டுபோன வளை

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு வெள்ளெலி தன் குஞ்சுகளோடு வளையில் வாழ்ந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் புது வளை வெட்டினாலும் அக்கம்பக்கத்தார் வந்து ஆளுக்குக் கொஞ்சம் தோண்டிக் கொடுக்க வேண்டும். வெள்ளெலியின் வளையை முள்ளம்பன்றியும் கீரியும் பெருச்சாளியும் கூடச் சேர்ந்துதான் வெட்டின.

ஒருநாள் மேட்டில் குடியிருந்த நரி இறங்கி வந்தது. அறுப்புக்கு அறுப்பு தனக்குக் கொஞ்சம் கதிர் கொடுத்துவந்தால், வெள்ளத்தில் வளை போகும் அன்று குடும்பத்துக்குப் போதுமான கதிரைத் தன் களஞ்சியத்திலிருந்து தருவதாகச் சொன்னது. வெள்ளெலிக்கு அது நல்ல ஏற்பாடாகப் பட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒவ்வொரு அறுப்புக்கும் கதிர் சுமந்தது. நரி ஒருமுறைகூட வளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. கதிரை மட்டும் முகர்ந்து பார்த்து வாங்கிக்கொண்டது.

ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. வளை போயிற்று. உள்ளே சேர்த்த கதிரும் போயிற்று. நனைந்த குஞ்சுகள் பசியில் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. வெள்ளெலி மேட்டுக்கு ஓடியது.

"வளையைக் காட்டு, தருகிறேன்" என்றது நரி.

"அதைத்தான் வெள்ளம் கொண்டுபோய்விட்டதே, அண்ணே."

"இல்லாத வளைக்கு நான் எப்படித் தருவது?"

கேட்டீர்களா நியாயத்தை! வாங்கும்போது கேட்காத வளையைக் கொடுக்கும்போது கேட்கிறது.

செய்தி கேட்டு முள்ளம்பன்றியும் கீரியும் பெருச்சாளியும் சேறு காயாத உடம்போடு வந்தன. வளையின் வாசலைத் தானே தோண்டியதாக முள்ளம்பன்றி சொன்னது. உள்ளே மருத வேர் குறுக்கிட்டதையும் அதில் தன் நகம் ஒடிந்ததையும் கீரி சொல்லி, காலை நீட்டிக் காட்டியது.

நரி கொட்டாவி விட்டது. "நீங்களெல்லாம் அவளுக்கு வேண்டியவர்கள். உங்கள் சாட்சி செல்லாது."

பெருச்சாளிக்கு வந்ததே கோபம்! "ஆமாம், வேண்டியவர்கள்தான். அதனால்தான் அவள் வளையை வெட்டினோம். இப்போது இதையும் வெட்டுகிறோம்."

மூன்றும் மேட்டின் பின்புறம் போய்த் தோண்டின. மழையில் ஊறிய மண் பொலபொலவென்று விழுந்து, களஞ்சியம் திறந்துகொண்டது. வெள்ளெலி கொடுத்த கதிர்கள் கட்டுக் குலையாமல் அப்படியே இருந்தன. நரி பல்லைக் காட்டியது. முள்ளம்பன்றி முதுகைச் சிலிர்த்ததும் ஒதுங்கிக்கொண்டது. நரி வாக்குக் கொடுத்த அளவுக்குத்தான் அவை எடுத்தன. அதற்குமேல் ஒரு மணியைக்கூடத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் குஞ்சுகள் வயிறார உண்டன. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் சேர்ந்து புது வளை வெட்டத் தொடங்கினார்கள்.

நல்ல காலத்தில் கைநீட்டி வாங்கிவிட்டு, கெட்ட காலத்தில் அத்தாட்சி கேட்டு விரட்டுவது திருட்டு. அதைத் தட்டிக்கேட்க அக்கம்பக்கத்தார் நமக்கு வேண்டும்.