சுல்தான் வீட்டுக் கஹ்வா தீர்ந்த கதை

வெகு காலத்துக்கு முன்னால், ஒட்டகங்களே நடக்கச் சலித்துக்கொள்ளும் ஒரு பாலைவனத்தின் ஓரத்தில், ஸுமுர்ரா என்ற நாட்டை முன்திர் என்றொரு சுல்தான் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் சிரித்த விஷயத்துக்கே மாலையில் கோபித்துக்கொள்வார். கோபம் வந்தால் உடனே ஒரு சட்டம் போட்டுவிடுவார்.

அந்த நாட்டில் விருந்தாளி வந்தால் ஏலக்காய் மணக்கும் கஹ்வா கொடுத்தாக வேண்டும். அந்த அரபுக் காப்பியைக் குடிக்க ஒரு முறை உண்டு. கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். குடித்துவிட்டு நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். போதுமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாதவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் நடுவில் எழுந்து போவது மகா கேவலம். விளிம்பு வரை ததும்ப ஊற்றினால் 'குடித்துவிட்டு நடையைக் கட்டு' என்று அர்த்தம். விருந்தாளி குடிக்காமல் கிண்ணத்தைக் கீழே வைத்தாலோ, அவருக்கு ஏதோ கோரிக்கை இருக்கிறது. 'கேட்டதைத் தந்தேன், குடியும்' என்று சொல்லும்வரை அதைத் தொடமாட்டார்.

இந்தக் கடைசி வழக்கத்தால் நம் சுல்தான் நல்ல குதிரையை இழந்தார், பேரீச்சந்தோப்பை இழந்தார். ஒருநாள் தலைப்பாகையையே கழற்றிக் கொடுத்துவிட்டு, பளபளக்கும் வழுக்கையோடு தர்பாரில் உட்கார்ந்திருந்தார்.

"சுல்தானே, இனி சபையில் யாரும் கிண்ணத்தைக் கீழே வைக்கக் கூடாது என்று சட்டம் போடுங்கள்" என்று காதில் ஓதினான் அரண்மனை அதிகாரி ஷிஹாப்.

சுல்தானும் போட்டுவிட்டார். ஷிஹாபுக்கு சுல்தானின் தலைப்பாகை மீது அப்படியென்ன அக்கறை? ஒன்றும் இல்லை. அந்த ஊரில் எல்லாக் கிணறும் உப்பு. பனூ ரிமால் கோத்திரத்தாரின் கிணறு ஒன்றுதான் தித்திக்கும். அரண்மனைக்கும் அவர்கள்தான் தோல்பைகளில் தண்ணீர் சுமந்து வருவார்கள். அந்தக் கிணற்றுக்கு ஷிஹாப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் ரோஜாத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். கோத்திரத்தார் முறையிட வந்தால் வழி அடைபட்டிருக்க வேண்டும் அல்லவா?

அவர்கள் வந்தே விட்டார்கள். தலைவி ருமைஸா அமைச்சர் தல்ஹாவைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தைகள் உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுக்கிறார்கள். கிணறு திரும்பக் கிடைக்காவிட்டால் ஊரைவிட்டே போக வேண்டியதுதான், அமைச்சரே."

தல்ஹா எல்லோரையும் தர்பாருக்கு அழைத்துப் போனார். பார்த்ததுமே ஷிஹாபுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சுல்தானே, ஒரு பந்தயம்! இவர்களுக்கு ஒரு கிணறு வேண்டுமாம். அமைச்சர் பெரிய கெட்டிக்காரர் ஆயிற்றே! கிண்ணத்தைக் கீழே வைக்காமல், வாய் திறந்து கேட்காமல் வாங்கிக் காட்டட்டும். முடியாவிட்டால் அவர் பதவி எனக்கு."

"முடிந்துவிட்டால்?"

"தாங்கள் தங்கள் கையால் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போகிறேன்."

பந்தயம் என்றால் சுல்தானுக்குச் சர்க்கரை. எந்தக் கிணறு, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "சபாஷ்! எல்லோருக்கும் கஹ்வா கொண்டுவா!" என்று தொடையில் தட்டினார்.

பரிசாரகன் யாகூத் ஊற்றினான். தல்ஹா குடித்தார். கிண்ணத்தை நீட்டினார். ருமைஸா குடித்தாள், நீட்டினாள். கோத்திரமே குடித்தது, நீட்டியது. யாரும் ஆட்டவில்லை. யாகூத் வரிசையின் கடைசிக்குப் போவதற்குள் முதல் கிண்ணம் காலியாகி நீண்டுகொண்டிருக்கும்.

உள்ளேயிருந்து ஆட்டுக்கறி வாசனை வந்தது. சுல்தானின் வயிறு சத்தம் போட்டது. எழுந்திருக்க முடியுமா? விருந்தாளி கிண்ணம் நீட்டிக்கொண்டிருக்கிறாரே!

"போதாதா, தல்ஹா?" என்றார் பரிதாபமாக.

"அற்புதமான கஹ்வா, சுல்தானே! இன்னும் கொஞ்சம்!"

அதற்குள் கஹ்வா தன் வேலையைக் காட்டிவிட்டது. அமைச்சரின் தாடி துடித்தது. புருவங்கள் தனித்தனியாக ஆடின. கையும் நடுங்க ஆரம்பித்தது.

"ஆட்டிவிட்டார்! கிண்ணத்தை ஆட்டிவிட்டார்!" என்று ஷிஹாப் குதித்தான்.

"ஆடியது நான்! கிண்ணம் ஆடவில்லை!" என்று தல்ஹா அதை இரண்டு கையாலும் தாடைக்கடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சபையே விழுந்து விழுந்து சிரித்தது.

அப்போதுதான் யாகூத் வெறும் கூஜாவோடு ஓடிவந்து மண்டியிட்டான்.

"சுல்தானே, கஹ்வா போட அரண்மனையில் நல்ல தண்ணீர் இல்லை! சாடிகளில் மிச்சமிருந்ததும் தீர்ந்துவிட்டது."

சிரிப்பு நின்றது. சுல்தானின் முகம் வெளுத்துப்போனது. முன்திரின் வீட்டில் விருந்தாளி நீட்டிய கிண்ணம் காலி! பாலைவனம் முழுக்க இதைச் சொல்லிச் சிரிப்பார்களே!

"தண்ணீர் எங்கேயிருந்து வரும்?"

"பனூ ரிமால் கிணற்றிலிருந்து, சுல்தானே. இப்போது அது பூட்டிக் கிடக்கிறது."

"சாவி?"

யாகூத் ஷிஹாபின் இடுப்பைப் பார்த்தான். சபையும் பார்த்தது.

"ரோஜாக்கள்... எல்லாம் தங்களுக்குப் பன்னீர் எடுக்கத்தான்..." என்று குழறினான் ஷிஹாப்.

"விருந்தாளியின் கிண்ணத்தில் ரோஜாப்பூவையா பறித்துப் போடுவேன்?" என்று கர்ஜித்த சுல்தான், சாவியை அவரே பிடுங்கி ருமைஸாவின் கையில் வைத்தார். "அம்மா, கிணறு உங்களுடையது, என்றைக்கும். முதலில் என் மானத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவாருங்கள்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தல்ஹாவைத் திரும்பிப் பார்த்தார். கிண்ணம் இன்னும் தாடைக்கடியில்தான் இருந்தது.

"நான் எதையும் கீழே வைக்கவில்லை, எதையும் கேட்கவுமில்லை. இன்னும் கொஞ்சம் கஹ்வாதான் கேட்டேன்" என்றார் அமைச்சர், பற்கள் தாளம் போட.

சுல்தான் கண்ணீர் வரச் சிரித்தார். தண்ணீர் வந்தது, கஹ்வா கொதித்தது. முதல் கிண்ணத்தைத் தம் கையாலேயே ஊற்றினார், விளிம்பு வரை, ததும்பத் ததும்ப. அதை ஷிஹாபிடம் நீட்டினார்.

"என் கையால் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போவதாகச் சொன்னாயே. இந்தா!"

விரல் சுடச் சுட அதை ஏந்திக்கொண்டு ஷிஹாப் வாசலைத் தாண்டிப் போனான். அதற்குப் பிறகு ஸுமுர்ராவில் அவனை யாரும் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைப்பதற்கு இருந்த தடையும் அன்றோடு போயிற்று.

தல்ஹா ஒருவழியாகக் கிண்ணத்தை ஆட்டிக் காட்டினார். அந்த ஆட்டத்தை நிறுத்தத்தான் விடியும்வரை அவரால் முடியவில்லை.