புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல ஒரு பூனை

ஒரு ஊர்ல ஒரு புருஷன் பொண்டாட்டி இருந்தாங்க. ராஜா ராணி இல்லையான்னு கேக்காத. ராஜா ராணிக்கு அரண்மனை பெருசு, சண்டை வந்தா ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க, அதுல என்ன கதை இருக்கு? இவங்க வீட்ல ஒரு முற்றம், ஒரு அடுக்களை, ஒரே ஒரு ரூம். மூஞ்சியத் திருப்பினாக்கூட சுவர்ல இடிக்கும். ம் கொட்டு. ஆங், அப்படி.

ஊருன்னா மலையடிவாரத்துல ஒரு சின்ன டவுனு. ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு தேரு, நாலு ஜவுளிக்கடை. அதுல ஒரு கடையில துணி கிழிச்சுக் குடுக்கிறவருதான் புருஷன், பேரு ஆவுடையப்பன். எத்தனை மீட்டர்னு கேப்பாரு, டர்ர்ர்னு கிழிப்பாரு. அந்த மனுஷன் கையில இருந்து ஒழுங்கா வந்த சத்தம் அது ஒண்ணுதான். ஏன் சொல்றேன்னா, அவருக்குத் திடீர்னு சங்கீதத்து மேல ஆசை வந்துருச்சு. தேர்த்திருவிழாவுல பலூன்காரன்கிட்ட ஒரு புல்லாங்குழல் வாங்கிட்டு வந்துட்டாரு. குரு யாருன்னு கேக்கறியா? குருவெல்லாம் கிடையாது, எந்த குருவும் அவ்வளவு பாவம் பண்ணலை. தினமும் சாயங்காலம் கடையில இருந்து வந்ததும் முற்றத்துல சம்மணம் போட்டு, கண்ண மூடி, தலைய ஆட்டிக்கிட்டு ஊதுவாரு. புஸ்ஸ்ஸ்... புஸ்ஸ்ஸ்... வெறும் காத்துதான் வரும். தலையாட்டல் மட்டும் பெரிய வித்வான் கணக்கா இருக்கும்.

பொண்டாட்டி பேரு உலகம்மா. அவளுக்கும் ஒரு பொழுதுபோக்கு உண்டு, ஒயர் கூடை பின்னுறது. வீட்ல கூடை வைக்க இடமில்லாம கூடைக்குள்ள கூடை, அந்தக் கூடைக்குள்ள இன்னொரு கூடை. உள்ள வைக்கத்தான் ஒரு பண்டமும் இல்ல. ஆனா அவரு குழலை இவ பொறுத்துக்கிட்டா, இவ கூடையை அவரு பொறுத்துக்கிட்டாரு. கல்யாணம்னா பாதி அதுதான் கண்ணு.

அப்போ ஒருநாள் காலையில, ராத்திரி பெஞ்ச மழையில விறகெல்லாம் நமுத்துப்போயி, வெந்நீர் அடுப்பு பத்தவே மாட்டேங்குது. ஒரே புகை. லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே ஊதுகுழல தேடினா, அது விரிஞ்சு கிடக்கு. சுத்திமுத்திப் பாத்தா. ஆணியில புல்லாங்குழல் தொங்குது. எடுத்தா. தலைப்பக்கத்து அடைப்பக் குத்தித் தள்ளினா. ஓட்டைக்கெல்லாம் கோதுமை மாவ அப்பினா. ஊஊஊன்னு ஒரு ஊது. குப்புன்னு தீ பிடிச்சிருச்சு.

அந்த நேரம் பாத்து ஆவுடையப்பன் பல்லு விளக்க வந்துட்டாரு.

"கையில என்னது?"

"குழல்."

"அது வாசிக்கிற குழல்."

"நீங்க ஊதினாலும் காத்துதான் வந்துச்சு. நான் ஊதினா தண்ணியாவது காயுது."

உண்மைதானே? ஆனா உள்ளதச் சொன்னா நொள்ளக் கண்ணனுக்கு நோப்பாளம். அவரு முகம் கருகிப்போச்சு. "இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசினா நான் ஆவுடையப்பன் இல்ல"ன்னாரு. "நானும் பேச மாட்டேன்"னா உலகம்மா. அவ கல்யாணத்தப்போ அவ அம்மா நகை நட்டு அதிகமா போடலைன்னாலும் ஒரு புத்தி மட்டும் சொல்லி அனுப்பியிருந்தா: சண்டை வந்தா முதல்ல பேசுற ஆளு ஆயுசுக்கும் தலை குனிஞ்சுதான் இருக்கணும்னு. எப்படிப்பட்ட சீதனம் பாரு.

பேசாம இருந்துரலாம். ஆனா குடும்பம் நடக்கணுமே. அப்போ அந்த வீட்ல ஒரு சாம்பல் பூனை இருந்துச்சு. அது பாட்டுக்கு படுத்திருந்த பூனைக்கு வேலை கிடைச்சுப் போச்சு.

"பூனையே, சோறு ஆறுது. பசிக்கிறவங்க வரலாம்"பா உலகம்மா.

"பூனையே, கடைச் சாவி எங்கன்னு கேளு"ம்பாரு அவரு.

"அலமாரி மேலன்னு சொல்லு பூனை."

பூனை என்ன சொல்லும்? மியாவ்னு சொல்லும். அதுக்கு இவரு ஒரு கை மீனு போடுவாரு, அவ ஒரு கிண்ணம் பாலு ஊத்துவா. ரெண்டு பேரும் வத்திக்கிட்டே போனாங்க, பூனை உருண்டுக்கிட்டே போச்சு. தூங்கிட்டியா? ம் சொல்லு.

அப்புறம் ஒருநாள் உலகம்மா குழம்புல உப்பு போட மறந்துட்டா. அவரு ஒரு வாய் வெச்சாரு. பூனையப் பாத்தாரு. "ஏன் பூனையே, தூத்துக்குடியில உப்பளத்தையெல்லாம் மூடிட்டாங்களா?"

"உப்பு போட்டுத் தின்னா ரோஷம் வரும் பூனை. இங்க ஏற்கனவே ரோஷம் எக்கச்சக்கமா இருக்கு, கூட எதுக்கு?"

அவரு மடக் மடக்குன்னு அப்படியே முழுங்கிட்டு எழுந்திரிச்சிட்டாரு.

அப்புறம் இன்னொரு நாள் வள்ளியூர்ல இருந்து அவரோட அக்கா வந்தாங்க. வந்தவங்க திம்முன்னு உக்காந்து வீட்டை நோட்டம் பாத்தாங்க. அதட்டல் இல்ல, கூச்சல் இல்ல. "எங்க வீட்ல விடிஞ்சா அடைஞ்சா ஒரே கூப்பாடு. இங்க ஒரு சொல்லு அதிர்ந்து வரலையே உலகம்மா. பூனைகிட்டகூட எவ்வளவு பதவிசா பேசுதீங்க"ன்னு கண்ணத் தொடைச்சுக்கிட்டாங்க. "எல்லாம் உங்க தம்பி மனசு மைனி"ன்னு உலகம்மா சொன்னா. "எல்லாம் அவ குணம்க்கா"ன்னு அவரு சொன்னாரு. அக்காவுக்கு ஒரு ஒயர் கூடை குடுத்து பஸ் ஏத்தி விட்டாங்க. திரும்பி நடந்து வரும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் இவ.

ஆனா உள்ளுக்குள்ள உலகம்மாவுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. எந்தக் கல்யாண வீட்டுக்காரங்க பட்டுச்சேலை எல்லாம் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு ஒரு துண்டு மட்டும் வாங்கிட்டுப் போனாங்க, முதலாளி எந்த வாடிக்கையைப் பாத்து எப்படி இளிச்சாருன்னு அவரு வந்து சொன்னாத்தான் அவளுக்கு சோறு இறங்கும். இப்போ சாவி எங்க, துண்டு எங்கன்னுதான் பேச்சு. மத்ததையெல்லாம் பூனைகிட்ட சொல்ல முடியுமா?

அப்புறம் பாத்துக்கோ, ஒருநாள் பூனையக் காணோம். போயிருச்சு. வீடு நிசப்தமாயிருச்சு. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அவரு தாடையோட சேத்துத் தலையைச் சுத்தித் துண்டைக் கட்டிக்கிட்டு மூலையில உக்காந்திருக்காரு. காலையில வெச்ச இட்லி அப்படியே இருக்கு. மதியம் வெச்ச ரசஞ்சோறும் அப்படியே இருக்கு. அவருக்குக் கோபமா, வலியா? மூஞ்சியப் பாத்தா தெரியலை, எதுவா இருந்தாலும் வீங்கித்தான் இருக்கும். கேட்டா இவ தோத்துருவா. கேக்கலன்னா மனுஷன் பட்டினி கிடப்பாரு. இருந்தாலும் கேட்டாளா? கேக்கலை. பூனையத் தேடித் தெருவுல இறங்கிட்டா.

பூஸ்... பூஸ்... பூஸ்... அங்க தேடி இங்க தேடி, பக்கத்து வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தா, சமையக்கட்டுல பூனை உக்காந்து மொச்சு மொச்சுன்னு நெத்திலி தின்னுது. அந்த வீட்ல புதுசா கல்யாணம் ஆன ஜோடி. பொண்ணு பேரு வேணி.

"ஏளா வேணி, எங்க பூனைய நீ எதுக்குப் பிடிச்சு வெச்சிருக்க?"

"எக்கா, ரெண்டு நாளு மட்டும் குடுங்கக்கா. எங்க வீட்டுக்காரவிய என்கூட பேச மாட்டேங்காவ."

"அதுக்கு?"

"உங்க வீட்ல இத வெச்சுத்தானே பேச்சு ஓடுது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு எல்லாம் கேக்கும்லா. எனக்கப்புறம் கோடி வீட்டு டீச்சரம்மாவும் வேணும்னு சொல்லியிருக்காவ."

உலகம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா. தெருவே பூனைக்கு வரிசையில நிக்குது.

அப்போ உள்ள இருந்து வேணி புருஷன் குரல் வந்துச்சு. "பூனையே, என் நீலச் சட்டை எங்க?"

வேணி கண்ணத் தொடைச்சுக்கிட்டா. "பூனையே, அவிய போட்டிருக்காவ."

உலகம்மாவுக்கு சிரிப்பு வரலை. வெக்கமா வந்துச்சு. இத்தனை நாளா நாமளும் இந்த லட்சணத்துலதான் இருந்திருக்கோம்னு புரிஞ்சுச்சு. பூனையத் தூக்கப் போனா, அது சர்ருன்னு ஒரு பிராண்டு பிராண்டிட்டு, வாலத் தூக்கிக்கிட்டு மறுபடியும் நெத்திலிக்குப் போயிருச்சு. அத்தனை பாலு குடிச்ச பூனை. சரி, வெச்சுக்கோன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு வீட்டுக்கு வந்துட்டா.

வந்து அவரு முன்னாடி நின்னா. அவரு நிமிர்ந்து பாத்தாரு. நடுவுல யாரும் இல்ல.

"பல்லா?"ன்னா இவ.

"பூனை கிடைச்சுதா?"ன்னாரு அவரு.

ரெண்டும் ஒரே நேரத்துல. ரெண்டு பேரும் படக்குனு வாய மூடிக்கிட்டாங்க. ஆனா வந்த வார்த்தை திரும்பி உள்ள போகுமா?

அப்புறம் உலகம்மா அடுக்களைக்குப் போயி, டொக்கு டொக்குன்னு ரெண்டு கிராம்ப நசுக்கி எடுத்துட்டு வந்து, "வாயத் திறங்க"ன்னா. திறந்தாரு. கடவாய்ப் பல்லு வீங்கிப்போயிருக்கு. கிராம்ப வெச்சு அமுக்கினா. கொஞ்சம் தேவைக்கு மேலயே அமுக்கினா. ஆஆஆன்னாரு. கன்னத்தப் பிடிச்சுக்கிட்டே, "ஏட்டி, நீதான் முதல்ல பேசின"ன்னாரு.

பழையபடி அவரு கூப்பிட்ட அந்த ஏட்டியக் கேட்டதும் அவளுக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு. அதுக்காக விட்டுக்குடுத்தாளா?

"நீங்கதான் பேசினீங்க."

"நான் பூனையத்தான் விசாரிச்சேன். உன்ன இல்ல."

"நானும் பல்லத்தான் விசாரிச்சேன். உங்கள இல்ல."

அவருக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. சிரிச்சா பல்லு வலிக்குது, வலிச்சா இன்னும் சிரிப்பு வருது. அப்புறம் ஒரு பக்க வாயாலயே இத்தனை நாள் கடைக்கதை மொத்தத்தையும் கொட்டினாரு. நடுநடுவுல யாரு முதல்ல பேசினதுன்னு மறுபடியும் ஆரம்பிப்பாங்க. நீதான், நீங்கதான், நீதான், நீங்கதான். சத்தம் கூரையப் பிச்சுக்கிட்டுப் போச்சு. தெருவுல போனவங்க நின்னு கேட்டுட்டு, "ஐயோ பாவம், இந்த வீட்ல புருஷன் பொண்டாட்டிக்கு ஒத்துப்போகல போல"ன்னு உச்சுக் கொட்டிக்கிட்டுப் போனாங்க. உலகம்மா காதுலயும் அது விழுந்துச்சு. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அவங்க சண்டை அங்க நடக்கட்டும், நம்ம கதை இங்க நிக்கட்டும். ம் சத்தத்தையே காணோம், நீ எப்பவோ தூங்கிட்ட. தூங்கு.